இரண்டாவது திரையில் ஊர்ந்த ஈ

பேய் உண்டா இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. ஈ உண்டு. அதை என் கண்ணால் பார்த்தேன். நடுராத்திரியில் அல்ல. பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருந்த அறையில், பக்கத்து வீட்டு மிக்சி கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தபோது பார்த்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். அந்த மத்தியானம் நானும் சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு இன்றுவரை ஆட்டுக்கறி என் தொண்டையில் இறங்கவில்லை.

என் பெயர் சுகன்யா. திண்டுக்கல் நாகல் நகரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை, மேட்டுப்பட்டியிலிருந்து ரொனால்டு போன் செய்தான். இருபத்திரண்டு வயசுப் பையன். அவன் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்ததே நான்தான்.

"அக்கா, கேம் நின்னு நின்னு வருது. ஓடுறவன் பொசுக்குன்னு நிக்கிறான். அதுக்குள்ள சுட்டுர்றாய்ங்க."

"புதுசா என்னத்த மாட்டுன?"

"ரெண்டாவதா ஒரு மானிட்டர் மாட்டுனேன். பழசு. பேகம்பூர் மெஹராஜ் பாய் கடையில எடுத்தது. நாளைக்கு மூணு மணிக்கு மேட்ச்சுக்கா..."

உடனே வரச் சொன்னான். காரணம் எனக்குத் தெரியும். ரொனால்டு பொழுதுபோக்குக்கு விளையாடுகிறவன் அல்ல. ஐந்து பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டம் அது. சென்னையில் ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்து ஓர் அணியை வைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெயிக்கும் ஐந்து பேருக்கு அதில் வேலை. அவன் அப்பா ராயப்பராஜ் பள்ளிக்கூட வாத்தியார். இந்த ஒரு ஆட்டம்வரை பொறுத்துக்கொள்வதாகவும், தோற்றால் திங்கட்கிழமையே கம்ப்யூட்டரை விற்றுவிட்டு மாமாவின் லாரி ஆபீசில் உட்கார வேண்டும் என்றும் பேச்சு. மூன்று வருஷமாக அவன் காத்திருந்தது இந்த ஒரு மத்தியானத்துக்காக.

வாசலிலேயே வாடை அடித்தது.

செத்த எலி வாடை. அதில் லேசாக ஒரு தித்திப்பு. ரொனால்டின் அம்மா செபஸ்தியம்மாள் கையில் பினாயில் பாட்டிலோடு நின்றார்.

"மூணு நாளா தேடுறேன் சுகன்யா. கட்டிலத் தூக்கியாச்சு, பீரோவத் தள்ளியாச்சு. எலியக் காணோம், வாடை மட்டும் குடியிருக்கு. மொதல்ல இவன் சாக்ஸுதேன்னு நெனச்சேன்."

அறைக்குள் போனேன். மேசையில் வலப்பக்கம் அவனுடைய புது மானிட்டர், அகலமாக, பளபளவென்று. இடப்பக்கம் அந்தப் பழசு. சதுரமான சின்னத் திரை. உயரம் போதாமல் பழைய பத்தாம் வகுப்பு கைடுகளை அடுக்கி அதன்மேல் வைத்திருந்தான். ஆனைக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டி நிற்பதுபோல இருந்தது.

இரண்டாவது திரை, போட்டி நடத்துகிறவர்களின் நிபந்தனை. ஆடுகிறவர்களின் முகத்தை கேமராவில் அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முகங்கள் தெரியும் அந்த ஜன்னல் கம்ப்யூட்டரில் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். ஆட்டம் ஒரு திரையில், முகங்கள் ஒரு திரையில்.

பழைய திரையின் அடிவிளிம்பில், கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் சேரும் இடுக்கில், பழுப்பாக ஏதோ பிசின் மாதிரி இருந்தது. பழைய மானிட்டர்களில் பீடிக்கறை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சகஜம். விரலால் வழித்தேன். இழுபட்டு வந்தது. மூக்குக்கு அருகே கொண்டுபோனேன்.

அதே வாடை. எலி இங்கே இருக்கிறது என்று நினைத்தேன்.

கொல்லைக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். வாடை போகவில்லை. மறுபடி கழுவினேன். நகக்கண்ணில் அப்படியே இருந்தது. திரையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். துணி பழுப்பானது. இடுக்கு சுத்தமானது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.

இடுக்கில் மறுபடி அதே பிசின்.

வேலையைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இந்த நோய் எனக்குப் புதிதல்ல. புதுத் திரை நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு தடவை படத்தை மாற்றும். பழசு அறுபது தடவைதான். இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் மாட்டினால் நடை ஒத்துவராது. பழைய திரையில் ஏதாவது அசைந்தால் போதும், புதுத் திரை தடுக்கி விழும். எங்கள் கடை பில்லிங் கம்ப்யூட்டரிலும் இதே தடுமாற்றம் உண்டு. அதைச் சரிசெய்ய எனக்கு நேரம் வந்ததே இல்லை.

பழைய திரையின் வயரைக் கழற்றினேன். ஆட்டம் வெண்ணெயாக ஓடியது. மாட்டினேன். தடுக்கியது. சரி, அதில் என்ன அசைகிறது என்று பார்த்தேன். அரட்டை ஜன்னலை மூடினேன். பிரவுசரை மூடினேன். கடிகாரத்தைக்கூட மறைத்தேன். பின்னணியை வெறும் வெள்ளையாக்கினேன்.

இப்போது அந்தத் திரையில் எதுவுமே இல்லை. அசைவதற்கு ஒன்றும் இல்லை.

ஆட்டம் தடுக்கியது.

கொஞ்ச நேரம் ஓடும். நிற்கும். தட்... தட்தட்... தட். மறுபடி ஓடும். ஒழுங்கே இல்லை. ஏதோ ஒன்று நடந்து, நின்று, யோசித்து, மறுபடி நடப்பது மாதிரி.

"அக்கா..." என்றான் ரொனால்டு. "அங்க ஒரு புள்ளி."

வெள்ளைத் திரையின் கீழ்மூலையில் கடுகளவு கறுப்பு. நகர்ந்தது. அது நகர்ந்தபோது ஆட்டம் தடுக்கியது. நின்றது. ஆட்டம் ஓடியது.

வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டுப் பொடிப்பூச்சிகள் மானிட்டருக்குள் புகுவது உண்டு. நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் கண்ணாடிக்குள் பூச்சி ஊர்ந்தால் அது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? ஆட்டம் ஏன் தடுக்க வேண்டும்?

ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். கம்ப்யூட்டர் வரைவது மட்டும்தான் அதில் பதியும். கண்ணாடியில் அழுக்கு இருந்தாலும், உள்ளே பூச்சி இருந்தாலும் வராது.

வந்திருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். ஈ. வீட்டு ஈ அல்ல. கசாப்புக்கடைத் தொட்டியில் மொய்க்குமே, முதுகு பச்சையாக மினுங்கும், அந்த ஈ. காலில் ரோமங்கள். ரோமங்களில் ஏதோ ஈரமாக ஒட்டியிருந்தது.

"எவனோ வெளையாட்டுக்கு அனுப்புன வைரஸ்டா," என்றேன். அப்படித்தான் நான் நம்பினேன். நம்ப விரும்பினேன். வைரஸ் சோதனை ஓடவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை.

மணி ஒன்றாகிவிட்டது. கடையில் ஆள் காத்திருந்தது. நோய்க்குக் காரணம் தெரியாவிட்டாலும் மருந்து எனக்குத் தெரியும். புதுத் திரையின் வேகத்தைக் குறைத்து, இரண்டையும் அறுபதில் வைத்தேன். நடை ஒத்துப்போனது. செட்டிங்கில் இரண்டு திரைகளும் இரண்டு கட்டங்களாகத் தெரியும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக விலகி இருந்ததால், மவுஸ் அம்பு நடுவில் இடித்துக்கொண்டு நின்றது. அவற்றையும் விளிம்போடு விளிம்பு ஒட்டி வைத்தேன். அம்பு இந்தத் திரையிலிருந்து அந்தத் திரைக்கு வழுக்கிக்கொண்டு போனது.

ஆட்டம் துளிகூடத் தடுக்கவில்லை. புள்ளியையும் காணவில்லை.

ரொனால்டு சிரித்தான். வேறு மானிட்டர் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். ஓடுகிறதே, எதற்கு என்றான். மறுநாள் பூசை முடிந்து குடல் குழம்பு வைப்பதாகவும், சாப்பிட வந்தே ஆக வேண்டும் என்றும் செபஸ்தியம்மாள் சொல்லி அனுப்பினார்.

வழியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்தேன். டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது விரலில் அந்த வாடை வந்தது. டீயைக் கொட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது. வாடைக்குப் பயந்து வீடெல்லாம் ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். ராயப்பராஜ் சார் என்னோடு சேர்ந்து சாப்பிட்டார். பையனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவன் அறைக்கு மின்விசிறி போதவில்லை என்று தன்னுடைய மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டு, தெருவில் போய் நின்றுகொண்டார்.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மூன்று சுற்று. இரண்டு ஜெயித்தால் போதும். நான் ரொனால்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவன் இலையில் போட்ட சோறு தொடாமல் ஓரத்தில் இருந்தது.

முதல் சுற்றில் ஜெயித்தான். இரண்டாவது கை நழுவியது. மூன்றாவதுதான் தீர்ப்பு.

பழைய திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் பத்து முகங்கள். அதில் ஒன்று ரொனால்டு.

ஆட்டத் திரையின் இடது ஓரத்தில் ஓர் ஈ நின்றது.

ரொனால்டு அதைக் கையால் விரட்டினான். அது போகவில்லை. முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது. இலைச் சோற்றுக்கு வந்த ஈயாக இருக்கும் என்று நான் துண்டால் விசிறினேன். துண்டு திரையில் உரசியது. ஈ அசையவில்லை.

அது கண்ணாடிமேல் இல்லை. படத்துக்குள் இருந்தது.

இரண்டாவது வந்தது. மூன்றாவது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து... நான் இரண்டு திரைகளையும் ஒட்டிவைத்தேனே, அந்த விளிம்பிலிருந்து. வழுக்கிக்கொண்டு வந்தன.

ஆட்டம் தடுக்கவே இல்லை. அவையும் தடுக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தடுமாற்றம் நோய் அல்ல. நடை ஒத்துப்போகாதவரை அவற்றால் இந்தப் பக்கம் வர முடியவில்லை. இடித்து இடித்து நின்றுகொண்டிருந்தன. நான்தான் வழியைச் சமன்செய்து கொடுத்திருக்கிறேன்.

செட்டிங்கை மாற்ற மவுசுக்குக் கை நீட்டினேன்.

"தொடாதீங்கக்கா." திரும்பாமலே சொன்னான். "செத்த நேரந்தேன். முடிச்சிருவேன்."

திரையில் பாதி ஈ. அவற்றின் இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்துச் சுட்டான். நெற்றியில் வேர்வை சொட்டியது. புறங்கையால் உதட்டைத் துடைத்தான்.

மறுபடி துடைத்தான்.

நான் பழைய திரையைப் பார்த்தேன். ரொனால்டின் கட்டத்தைப் பார்த்தேன்.

அதில் அவன் உதட்டின்மேல் ஈக்கள் உட்கார்ந்திருந்தன. கண்ணோரத்தில். மூக்குத் துவாரத்தில். மொய்த்துக்கொண்டு...

நேரில் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"லெஃப்ட்ல வாரான், லெஃப்ட்ல," என்று கூட்டாளிக்குச் சொல்ல வாயைத் திறந்தான்.

கட்டத்தில் ஓர் ஈ அவன் வாய்க்குள் போனது.

நேரில், ரொனால்டு பேச்சை நிறுத்தினான்.

விழுங்கினான்.

நான் எழுந்து பழைய மானிட்டரின் வயரைப் பிடுங்கினேன்.

தொழில் தெரிந்தவள் செய்யக் கூடாத காரியம் அது. இரண்டாவது திரையைப் பிடுங்கினால், அதில் இருந்ததெல்லாம் முதல் திரைக்கு வந்துவிடும். எந்தக் கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஆயிரம் பேருக்கு நான் சொல்லிக் கொடுத்தது. நேற்று கழற்றியபோது நடை ஒத்திராததால் தப்பித்தோம். அந்த நேரத்தில் மறந்துவிட்டேன்.

வந்தது.

எல்லாம் வந்தது.

திரை கறுத்துப் பச்சையாக மினுங்கியது. ஸ்பீக்கரில் துப்பாக்கிச் சத்தத்துக்கு அடியில்... ஙொய்ய்ய்ய்...

வாடை முகத்தில் அறைந்தது.

அணைந்துபோன பழைய கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தது. நேற்று நான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்த கண்ணாடி. அதில் எண்ணெய்த் தடம் இருந்தது.

ஒரு நெற்றி. ஒரு கன்னம். பிதுங்கிய உதடு.

யாரோ முகத்தைச் சாய்த்துப் படுத்த தடம்.

ரொனால்டின் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. திரையில் எதுவுமே தெரியாது. எதைப் பார்த்து ஆடினான்? உடம்பு ஆடவில்லை. இமை கொட்டவில்லை. தலை மட்டும் மெல்ல... மெல்ல... திரையை நோக்கிச் சாய்ந்தது.

கன்னம் கண்ணாடியைத் தொட இன்னும் நாலு விரல்கடை.

தோளைப் பிடித்து இழுத்தேன். கல் மாதிரி இருந்தான்.

மூன்று விரல்கடை.

ஸ்பீக்கரில் ஆரவாரம் வெடித்தது. அவனுடைய அணி ஜெயித்துவிட்டது. கூட்டாளிகள் கத்தினார்கள். அவன் விரல்கள் நின்றன.

சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தேன்.

ரொனால்டு நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். இலையில் வாந்தியெடுத்தான். காலையிலிருந்து அவன் ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை. ஆனாலும் வந்தது. பழுப்பாக, பிசின் மாதிரி இழுபட்டு வந்தது.

செபஸ்தியம்மாள் ஓடிவந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். வாடை போயிருச்சே என்றார். உண்மைதான். அறையில் வாடை சுத்தமாக இல்லை.

"ஜெயிச்சுட்டேம்மா," என்றான் ரொனால்டு.

அந்த வாடை இப்போது அவன் வாயிலிருந்து வந்தது.

மறுநாள் காலை, போட்டி நடத்தியவர்களிடமிருந்து தகவல் வந்தது. வெற்றி செல்லாது. கடைசிச் சுற்றில் கடைசி நான்கு நிமிடம், ரொனால்டுக்குப் பதிலாக வேறு ஆள் உட்கார்ந்து ஆடியிருக்கிறார். விதிமீறல். ஆதாரமாக கேமராவில் பதிந்த படத்தையும் அனுப்பியிருந்தார்கள்.

ரொனால்டின் நாற்காலி. ரொனால்டின் சட்டை. பின்னால் அவன் தோளைப் பிடித்தபடி நான்.

நான் பிடித்திருந்த ஆளுக்கு ஐம்பது வயது இருக்கும். கன்னம் கண்ணாடியில் அழுந்தியிருந்தது. கண் திறந்திருந்தது. அதன்மேல் ஈ.

ராயப்பராஜ் சார் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு லாரி ஆபீஸ் பேச்சையே எடுக்கவில்லை.

நான் படத்தைக் கைபேசியில் வாங்கிக்கொண்டு நேராக பேகம்பூருக்குப் போனேன். மெஹராஜ் பாய் ஒரு தடவைதான் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த ஆளத் தெரியும்மா. எங்க தெருவுக்கு டீ குடிக்க வருவாப்ல. ஒரு குடோன்ல கணக்கும் பாத்துக்கிட்டு, கேமராவும் பாத்துக்கிட்டு உள்ளயே தங்கியிருந்தாரு. பொங்கல் லீவுல மாரடைப்பு. உக்காந்த வாக்குலயே அந்தக் கண்ணாடியில மூஞ்சியச் சாச்சு... லீவு முடிஞ்சு தொறந்துருக்காய்ங்க. கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டே இருந்துச்சாம். தூக்குறப்ப..."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கன்னம் வரலையாம்மா. கண்ணாடியோட நின்னுருச்சாம். தொடச்சு வித்துட்டாய்ங்க. எனக்கே நேத்துதேன் தெரியும். தெரிஞ்சிருந்தா கையால தொட்டிருப்பேனா?"

நான் என் விரலைப் பார்த்தேன். வழித்தேனே... மூக்குக்கு அருகே கொண்டுபோனேனே...

அவர் கடை வாசலிலேயே வாந்தியெடுத்தேன். தண்ணீர் கொடுத்தார். கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"அந்த மேசையில மானிட்டர் ரெண்டு இருந்துச்சும்மா. ஒண்ணு அந்தத் தம்பி எடுத்துட்டுப் போனாரு. இன்னொண்ண மாசி மாசம் நீதேன் வாங்குன. ஒன் கடை பில்லிங்குக்கு."

அன்றே அதை உடைத்து, குப்பை வண்டியில் நானே ஏற்றிவிட்டேன். ரொனால்டின் பழைய மானிட்டரும் அதே வண்டியில் போனது. ரொனால்டு இப்போது எந்தத் திரை முன்னும் உட்காருவதில்லை. பேசும்போது ஒரு கையால் உதட்டை மூடிக்கொண்டே பேசுகிறான்.

என் கடை பில்லிங் கம்ப்யூட்டரில் இப்போது ஒரே ஒரு மானிட்டர்தான். புதுசு. தடுமாற்றத்துக்குக் காரணமே கிடையாது.

தடுமாறுகிறது.

கொஞ்ச நேரம் ஓடும். நிற்கும். தட்... தட்தட்... தட்.

வேகத்தைக் குறைத்து வைத்தால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. வருகிற வாடிக்கையாளர்கள், ஊருக்கெல்லாம் சரிசெய்கிறவள் கடையிலேயே இப்படியா என்று கேலி செய்கிறார்கள்.

நான் அதைத் தொட மாட்டேன்.